முத்தும் மூச்சும்
(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



‘கவிதையின் ஆழம்’ என்னும் பொருளில் பேசுமாறு விழாக் குழுவினர் என்னைப் பணித்தார்கள். ஆழம் என்றவுடன் நம் நாவில் தானே வந்து நிற்கும் உவமை ஒன்று உண்டு. அது முத்துக்குளித்தல். தமிழ்க்கடலில் மூழ்கி முத்தெடுத்தவர் என்று வாழ்த்தப்படாத கவிஞர் நம்மில் அரியர். அத்தொடரை அணிந்துரையில் எழுதாத தமிழாசிரியர் அவரினும் அரியர். ஆகவே, ஆழத்தைப் பற்றிப் பேசுமுன் மூழ்குதல் என்னும் தொழிலைப் பற்றியே சற்றுப் பேசலாம் என்று கருதினேன். மூச்சை அடக்கி நீருக்குள் இறங்கும் கலையை ஒருவர் எப்படிக் கற்கிறார்? அதன் முதற்பாடங்கள் யாவை? இவையே இவ்வுரையின் பொருள்.

உவமத்தை வினை, பயன், மெய், உரு என நான்கு வகைகளாகத் தொல்காப்பியர் வகுத்தார். அவ்வகையில் பார்த்தால் முத்துக்குளித்தலை நாம் பயனுவமமாகவே கையாண்டு வந்துள்ளோம். முத்து என்னும் பயனை எடுத்துக்கொண்டோம். அதைப் பெறுவதற்குச் செய்யப்படும் வினையை நீரிலேயே விட்டுவிட்டோம். அந்த வினையை அறிந்துகொண்டால் உவமையும் திருந்தும். நம் எழுத்தும் ஓரளவு திருந்தும் என்பது என் எண்ணம்.

முதலில் சொல்லைப் பார்ப்போம். இன்று குளித்தல் என்றால் நீராடுதல். ஆயின் உள்ளே பாய்தல், மூழ்குதல், தைத்தல் என்பனவும் அச்சொல்லின் பழம்பொருள்கள். மார்பில் அம்பு குளித்தது என்பது பழைய வழக்கு. அப்பொருள் இன்றுவரை அழியாமல் முத்துக்குளித்தல், சங்குகுளித்தல் என்னும் தொழிற்பெயர்களில் வாழ்கிறது. இறையன்பில் ஆழ்ந்தோரை ஆழ்வார் என்றதும் நம் மொழியே. ஊர்ப்புறத்துக் கிணற்றில் இறங்கும் சிறுவனுக்கோ இலக்கியச் சொல் எதுவும் தேவைப்படவில்லை. அவன் ‘தம் கட்டுகிறான்’. ‘முங்கு நீச்சல்’ அடிக்கிறான். இன்று ‘ஃப்ரீ டைவிங்’ என்ற பெயரில் உலகெங்கும் முறையாகக் கற்பிக்கப்படும் கலையின் வித்து, அந்தத் தம் கட்டுதலில் இருக்கிறது. காற்றுக் கலமின்றி, ஒரே மூச்சில் இறங்கி, அதே மூச்சில் ஏறி வருவதே அக்கலை. அதற்கெனப் பன்னாட்டு அமைப்பு ஒன்று 1992-இல் தோன்றியது. படிப்படியான பாடத்திட்டங்களும் வந்துவிட்டன.

அப்பாடத்திட்டத்தின் முதற்பாடம் மூச்சு. நுரையீரல் முட்டக் காற்றை இழுத்து இழுத்து நிரப்பிக்கொள்ளக் கற்பிப்பார்கள் என்று நாம் நினைப்போம். உண்மையில் மாணவரை முதலில் நீரின் மேல் மிதந்தபடி அமைதியாகக் கிடக்கச் சொல்கிறார்கள். தோளைத் தளர்த்து, தாடையைத் தளர்த்து, வயிற்றால் மெல்ல மூச்சுவிடு. விடும் மூச்சு இழுக்கும் மூச்சினும் நீளட்டும் என்கிறார்கள். நெஞ்சின் துடிப்பு தணிந்த பின்பே நிறைவாக ஒரு மூச்சை வாங்கிக்கொண்டு இறங்க வேண்டும். பதற்றமும் வீண் அசைவும் உயிர்வளியைத் தின்றுவிடும். ஆதலால் மூழ்குபவரின் செல்வம் சேர்ப்பதைவிடச் செலவழிக்காமல் இருப்பதில்தான் உள்ளது.

இதனோடு சேர்ந்தே ஓர் எச்சரிக்கையும் கற்பிக்கப்படுகிறது. நீருக்குள் ‘இனி முடியாது, மேலே போ’ என்று உடல் நம்மை உந்துவது உயிர்வளி குறைந்ததால் என்று பலரும் எண்ணுகின்றனர். பெரும்பாலும் அது குருதியில் கரியமிலவாயு மிகுவதால் எழும் குரல். மூழ்குமுன் வேகவேகமாகப் பலமுறை மூச்சிழுத்து விட்டால் கரியமிலவாயு வெளியேறிவிடுகிறது; உயிர்வளியோ குறிப்பிடத்தக்க அளவில் கூடுவதில்லை. அதனால் எச்சரிக்கும் குரல் காலந்தாழ்ந்து எழுகிறது. அது எழுமுன்பே உயிர்வளி தீர்ந்து, வலியோ பதற்றமோ இன்றி, நினைவு தப்பிவிடுகிறது. ஆல்பர்ட் கிரெய்க் என்னும் அமெரிக்க ஆய்வாளர் நீருக்கடியில் நீந்துவோர் நினைவிழப்பதற்கான காரணத்தை ஆராய்ந்து 1961-இல் இதனை விளக்கினார். கிணற்றிலும் நீச்சல் குளத்திலும் யார் அதிக நேரம் தம் கட்டுவது என்று பந்தயம் வைக்கும் இளைஞர் பலர், ஏழெட்டு முறை வேகமாக மூச்சிழுத்துவிட்டு மூழ்குவதைத் திறமை என்று கருதுகின்றனர். அவ்வழக்கம் உயிரைக் குடிப்பது. நன்றாக நீந்தத் தெரிந்தவரே இதற்கு இரையாகின்றார் என்பது இதன் கொடுமை.

பூரகம், கும்பகம், இரேசகம் என்னும் சொற்கள் நமக்குப் புதியன அல்ல. திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரம் மூச்சுப் பயிற்சியை விரித்துரைக்கிறது. 1976-இல் எல்பா தீவின் கடலில், ஒரே மூச்சில் 100 மீட்டர் ஆழத்தை முதன்முதலாக எட்டிய பிரெஞ்சு வீரர் ஜாக் மயோல், யோகநெறியில் ஆழ்ந்த ஈடுபாடு கொண்டவர். ஆயினும் தரையில் அமர்ந்து செய்யும் கும்பகம் வேறு. நீருக்குள் செய்யும் கும்பகம் வேறு. தரையில் மயங்கியவன் தானே மூச்சுவிடத் தொடங்குவான். நீரில் மயங்கியவனுக்கு அந்த மூச்சே எமனாகும்.

இரண்டாம் பாடம் செவி. கடலில் ஒவ்வொரு 10 மீட்டர் இறங்கும்போதும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. மேற்பரப்பில் 6 லிட்டர் காற்றைக் கொண்ட நுரையீரல் 10 மீட்டரில் 3 லிட்டராகவும், 20 மீட்டரில் 2 லிட்டராகவும், 30 மீட்டரில் ஒன்றரை லிட்டராகவும் சுருங்கும். நடுச்செவியில் உள்ள காற்றும் அவ்வாறே சுருங்க, செவிப்பறை உள்நோக்கி இழுபட்டு வலிக்கத் தொடங்குகிறது. இரண்டு மூன்று மீட்டரிலேயே அவ்வலி தெரிந்துவிடும். மூக்கைப் பொத்திக்கொண்டு, தொண்டையிலிருந்து நடுச்செவிக்குச் செல்லும் குழலின் வழியே காற்றைச் செலுத்தி, அழுத்தத்தைச் சமன் செய்ய வேண்டும். மார்பின் விசையால் ஊதும் வழி, இத்தாலிய உடற்கூற்றறிஞர் வால்சால்வாவின் பெயரால் வழங்குகிறது. நாவை மத்தாக்கி வாய்க்காற்றை மட்டும் பின்னோக்கித் தள்ளும் வழிக்கு, ஜெர்மானிய மருத்துவர் பிரென்சலின் பெயர். ஆழம் செல்வோர் பழகவேண்டியது பின்னதே.

இங்கு மாற்ற முடியாத விதி ஒன்று உண்டு. வலி வருமுன் சமன் செய்ய வேண்டும். சமன் ஆகவில்லையெனில் மேலும் ஒரு முழம்கூட இறங்கலாகாது, திரும்பிவிட வேண்டும். வலியைப் பொறுத்துக்கொள்வது இக்கலையில் வீரம் அன்று, பாடம் கேளாமை. தொடக்கநிலை மாணவர் பலர் நுரையீரலால் அன்று, செவியால்தான் தடைப்படுகின்றனர். அதற்கு வாரக்கணக்கில் பொறுமை வேண்டும்.

இந்த இடத்தில் நம் முத்தைச் சற்றே கையில் எடுத்துப் பார்ப்போம். இலங்கையின் மன்னார்ப் பகுதியில் நடந்த முத்துக்குளிப்பைப் பற்றி இராபர்ட் பெர்சிவல் என்னும் ஆங்கிலேய இராணுவ அதிகாரி 1803-இல் வெளிவந்த தம் நூலில் எழுதியுள்ளார். குளிப்பவர் கயிற்றில் கட்டிய கல்லைக் காலால் பற்றி, ஒரு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு இறங்குவர் என்கிறார். இன்றைய பயிற்சியாளர் சொல்லித்தருவதும் அதே கைப்பிடிதான். ஒருவர் ஒரு நாளில் நாற்பது ஐம்பது முறைகூட இறங்குவார். மேலே வரும்போது வாய், மூக்கு, காது ஆகியவற்றிலிருந்து நீரும், பல வேளைகளில் குருதியும் வடியும். ஆயினும் தம் முறை வந்ததும் மீண்டும் இறங்குவார் என்றும் அவர் குறித்துள்ளார். முத்துப்பார்கள் பல, பத்துப் பதினைந்து மீட்டர் ஆழத்தில் இருப்பவை. இன்றைய தொடக்கநிலை மாணவர் பல நாள் பயின்று, செவி வலித்தால் திரும்பிவிடும் உரிமையோடு எட்டும் ஆழம் ஏறத்தாழ அதுவே. குளியாளுக்கு அவ்வுரிமை இருந்ததில்லை. அவருடைய பங்கும் கூலியும் கொண்டுவரும் சிப்பியின் எண்ணிக்கையில் இருந்தன.

கொற்கை முத்தை நம் சங்க இலக்கியம் வாயாரப் போற்றுகிறது. மதுரைக்காஞ்சி முத்தும் சங்கும் விளங்கிய கொற்கையைப் பாடுகிறது. கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த கிரேக்கக் கடல்வழிக் குறிப்பான பெரிபுளூஸ், கொற்கையின் முத்துக்குளிப்பில் தண்டனை பெற்ற குற்றவாளிகள் ஈடுபடுத்தப்பட்டதாகக் கூறுகிறது. இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் படிக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். முத்தின் ஒளியைப் பாடுவது பிழையன்று. ஆனால் அதைக் கொண்டுவந்தவரின் செவியில் வடிந்த குருதி நம் உவமையில் எங்கும் இடம்பெறவில்லை.

மூன்றாம் பாடம் உடலை நம்புதல். முகம் நீரில் பட்டு மூச்சு அடங்கியவுடன் நம் உடல் தானே சில மாற்றங்களைச் செய்துகொள்கிறது. இதயத் துடிப்பு குறைகிறது. கைகால்களின் குருதிக் குழாய்கள் சுருங்கி, குருதி நெஞ்சுக்கும் மூளைக்கும் ஒதுக்கப்படுகிறது. மண்ணீரல் சுருங்கித் தன்னிடம் சேமித்த செவ்வணுக்களைக் குருதியில் சேர்க்கிறது. கடல்நாய் போன்ற உயிர்களிடம் இவ்வியல்பை ஆராய்ந்த சோலாண்டர் என்னும் அறிஞர், டாரஸ் நீரிணை முத்துக்குளிப்போரிடமும் குருதியோட்டம் அவ்வாறு மாறுவதை 1962-இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார். தலைமுறை தலைமுறையாகக் கடலில் மூழ்கி வாழும் பஜாவ் மக்களின் மண்ணீரல், அண்டை நிலத்து மக்களுடையதைவிட ஏறத்தாழ ஐம்பது விழுக்காடு பெரிதாக இருப்பதை 2018-இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது.

கீழே செல்லச் செல்ல நுரையீரல் சுருங்குவதால் மிதக்கும் ஆற்றலும் குறைகிறது. முதல் சில மீட்டர்களுக்குக் கடல் நம்மை மேலே தள்ளும். நாம் உதைத்து இறங்க வேண்டும். ஏறத்தாழப் பத்துப் பதினைந்து மீட்டருக்குக் கீழே அது நம்மைத் தள்ளுவதை நிறுத்திவிட்டு உள்ளே இழுக்கத் தொடங்கும். அப்போது அசையாமலே அமிழலாம். அந்நிலையைப் போல இன்பமானது வேறில்லை என்று மூழ்குவோர் கூறுவர். பயிற்சியாளர்கள் மிகுதியாக எச்சரிப்பதும் அந்த இன்பத்தைப் பற்றியே. இறங்குவது எளிதாகும் இடத்திலிருந்துதான் ஏறுவது கடினமாகிறது. எஞ்சிய மூச்சில், கனத்த உடலை உதைத்து மேலே கொண்டுவர வேண்டும். ஆதலால் எவ்வளவு ஆழம் செல்ல இயலும் என்பது கேள்வியன்று. எங்கிருந்து திரும்பினால் மூச்சு மிஞ்சும் என்பதே கேள்வி.

நான்காம் பாடம் கயிறு. தனியே மூழ்காதே என்பது இக்கலையின் தலையாய விதி. ஒருவர் இறங்கினால் மற்றவர் மேலே நின்று பார்த்திருக்க வேண்டும். ஏறி வருபவரைக் கடைசிப் பத்து மீட்டரில் எதிர்கொண்டு, முகத்துக்கு முகம் நோக்கி உடன் ஏற வேண்டும். ஆழத்தில் அழுத்தம் மிகுந்திருக்கும்போது குறைந்த உயிர்வளியும் உடலுக்குப் போதுமானதாக இருக்கும். மேலே வரவர அழுத்தம் தளர, அந்த உயிர்வளியின் விசையும் சட்டெனக் குறைந்துவிடும். அதனால் நினைவிழப்புகள் பெரும்பாலும் அடியில் நிகழ்வதில்லை; கரை கண்ட இடத்தில்தான் நிகழ்கின்றன. தலை நீருக்கு மேலே வந்து, மூச்சு வாங்கிய பின்னும் நிகழ்வதுண்டு. ஆகவே மேலே வந்தபின்னும் அரை நிமிடம் கண்ணை எடுக்காமல் பார்த்திருக்கக் கற்பிக்கிறார்கள். மயங்கியவரின் முகத்தை உடனே நீருக்கு மேல் தூக்கிப் பிடித்தால் பெரும்பாலும் சில நொடிகளில் நினைவு திரும்பிவிடும். உடன் ஆள் இல்லையெனில் அந்தச் சில நொடிகளே முடிவாகிவிடும்.

நம் முன்னோர் இதை நன்கு அறிந்திருந்தனர். முத்துத் தோணியில் குளியாள் ஒருவருக்குக் கயிறு பிடிக்க ஓர் ஆள் இருந்தார். குளியாள் கயிற்றை அசைத்தால் அக்கணமே இழுக்க வேண்டும். சுறாமீனின் வாயைக் கட்டுவதாக நம்பப்பட்ட ‘கடல்கட்டி’ என்னும் மந்திரக்காரர்களுக்கு ஊதியமும் கொடுத்தார்கள். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இக்கரைக்கு வந்த மார்க்கோ போலோவும் அவர்களைப் பற்றி எழுதியிருக்கிறார். ஆனால் மந்திரத்தை நம்பியவர்களும் கயிற்றை அயலார் கையில் கொடுக்கவில்லை. குளிப்பவனின் மனைவிக்கு உடன்பிறந்தவனே கயிறு பிடிக்க வேண்டும் என்பது நம் கடற்கரையில் வழங்கும் செய்தி. தங்கையின் தாலியை நினைப்பவன் கையில் கயிறு தளராது என்பது அதன் கருத்து. ஒரு சமுதாயம் தன் உறவுமுறையையே பாதுகாப்புக் கருவியாக்கிக்கொண்டது என்று இதனைக் கூறலாம்.

ஐந்தாம் பாடம் போதும் என்று சொல்லக் கற்றல். கொரியாவின் ஜேஜு தீவில் ஹேன்யோ எனப்படும் கடற்பெண்கள் இன்றும் காற்றுக் கலமின்றி மூழ்கிச் சிப்பியும் பாசியும் எடுக்கின்றனர். அவர்களில் பெரும்பாலோர் முதியோர். அவர்தம் பண்பாட்டை யுனெஸ்கோ 2016-இல் மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. திறனுக்கும் பட்டறிவுக்கும் ஏற்ப அவர்களுக்குள் மூன்று படிநிலைகள் உண்டு. இளையோர் மூத்தோரிடம் கேட்டும் பார்த்தும் கற்கின்றனர். மேலே வந்தவுடன் அவர்கள் விடும் மூச்சு ஒரு சீழ்க்கையாக ஒலிக்கும். அந்த ஒலிக்கென்றே அவர்கள் மொழியில் ஒரு பெயர் இருக்கிறது. இன்னொரு சொல்லும் உண்டு: ‘முல்சும்’. அதன் பொருள் நீர்மூச்சு. திரும்பும் நேரத்தில் கண்ணில் பட்ட இன்னும் ஒரு சிப்பிக்கு ஆசைப்பட்டு, அளவு மீறித் தங்கியவர் இறுதியில் இழுக்கும் மூச்சு அது. காற்றுக்குப் பதில் கடலே உள்ளே போகும். பேராசையால் வரும் சாவுக்கு இத்தனை சுருக்கமான பெயரை நான் வேறெங்கும் கண்டதில்லை.

அவ்வளவு தொலைவு போகவும் வேண்டா. நம் இராமநாதபுரம் மாவட்டத்துக் கடலோரத்தில் பாசி எடுக்கும் பெண்கள் இருக்கின்றனர். கண்ணாடி அணிந்து, பாறை கிழிக்காதபடி விரல்களில் துணி சுற்றி, இடுப்பில் பை கட்டி, தம் கட்டி மூழ்கிப் பாசி பறித்து வருகின்றனர். பாசி மீண்டும் வளர வேண்டும் என்பதற்காக, எல்லா நாளும் கடலில் இறங்குவதில்லை என்று தங்களுக்குத் தாங்களே வரையறை செய்துகொண்டவர்கள் அவர்களில் உண்டு. பாம்பன் சின்னப்பாலத்தைச் சேர்ந்த இலட்சுமி மூர்த்தி அவர்களுக்கு 2015-இல் சீகாலஜி என்னும் அமைப்பின் பன்னாட்டுப் பரிசு கிடைத்தது. அந்தப் பெண்களின் அன்றாடச் சொற்கள் எத்தனை நம் கவிதைகளில் இடம்பெற்றுள்ளன?

தூத்துக்குடியில் அரசு நடத்திய கடைசி முத்துக்குளிப்பு 1961-இல் நிகழ்ந்தது. 1973-இல் அதே ஊரில் மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தார் முத்து வளர்ப்பில் வெற்றி கண்டனர். முத்துப்பார்கள் ஓய்ந்தன, சங்குகுளிப்போரும் குழாய் வழியே காற்றைப் பெறும் முறைக்கு மாறினர். தொழில் மறைந்தபின் நம்மிடம் எஞ்சியிருப்பது உவமை ஒன்றுதான். தொழில் வழக்கில் இருந்தபோது உவமை சற்றுப் பிழைபட்டாலும் கடற்கரையில் நின்று திருத்த ஆள் இருந்தது. இனித் திருத்த வேண்டிய பொறுப்பு நம்முடையது.

கவிஞர் பெருமக்களே, இவ்வினையைக் கவிதைக்குப் பொருத்திப் பாருங்கள். படித்தவற்றையெல்லாம் திணித்துக்கொண்டு பேனாவை எடுப்பது முட்ட இழுத்த மூச்சு. படபடப்பு அடங்கிய பின் எழுதுவதே மூழ்குவோரின் மூச்சு. ஒரு பொருள் நம் பட்டறிவுக்குள் சமன் ஆகாதபோது வலிந்து மேலும் இறங்கினால் கவிதை ஆழமாவதில்லை, செவிதான் கெடுகிறது. இருண்மையில் அசையாமல் அமிழ்வது இன்பமே. ஆயினும் வாசகர் இருக்கும் பரப்புக்கு மீண்டு வரும் மூச்சு மிஞ்ச வேண்டும். நாற்பது வரிகள் எழுதியபின் இன்னும் ஒரு படிமம் என்று கை நீளும்போது, ஹேன்யோப் பெண்களின் அந்தச் சொல்லை நினைத்துக்கொள்ளுங்கள்.

இந்த வட்டம் பத்தாண்டுகளாகச் செய்துவந்தது கயிறு பிடிக்கும் பணி என்றே நான் கருதுகிறேன். கயிறு பிடிப்பவருக்கு முத்தில் பெயரில்லை. முகத்தைப் பார்த்திருப்பதே அவர் வேலை. முதற்கவிதை வெளிவந்து பாராட்டுப் பெற்ற இளங்கவிஞரைப் ‘பிழைத்துக்கொண்டார்’ என்று நாம் விட்டுவிடுகிறோம். மேலே வந்த பின்னரும் அரை நிமிடம் கண்ணை எடுக்காதே என்னும் விதி அவருக்கும் பொருந்தும்.

நிறைவாக இரண்டு வேண்டுகோள்கள். நம் உறுப்பினர்களில் ஆசிரியர்கள் பலர் இருக்கிறீர்கள். கோடை விடுமுறைக்கு முன் வகுப்பில் ஐந்து நிமிடம் ஒதுக்கி, வேகமாக மூச்சிழுத்துவிட்டு மூழ்காதே, தனியாகத் தம் கட்டாதே என்னும் இரண்டு வரிகளை மாணவர்களுக்குச் சொல்லுங்கள். நாம் எழுதும் எந்த வரியும் செய்யாததை அந்த இரண்டு வரிகள் செய்யக்கூடும். அடுத்ததாக, வரும் ஆண்டின் ஒரு திங்கள் கூட்டத்தை இராமநாதபுரக் கடற்கரையில் நடத்துவோம். அன்று நாம் கவிதை படிக்க வேண்டா. பாசி எடுக்கும் பெண்கள் மூச்சுக்கும், நீரோட்டத்துக்கும், பாறைக்கும், பயத்துக்கும் என்னென்ன சொற்கள் வைத்திருக்கிறார்கள் என்று கேட்டு எழுதி வருவோம். அவர்கள் பேசட்டும், நாம் கயிறு பிடிப்போம்.